பி-3 விசாவும் ஒரு மிருதங்கக்காரனின் ஃபைலும்

2025 ஏப்ரலில் ஒரு வாய்ப்பாட்டுக் குழுவோடு மிருதங்கம் வாசிக்க அமெரிக்கா போய், ஏழு வாரம் சுற்றிவிட்டு வந்தேன். கிளீவ்லாந்தில் 1978லிருந்து தியாகராஜ ஆராதனை நடப்பதால் ஈஸ்டரை ஒட்டிய வாரங்கள் அங்கே நம்மவர்களுக்கு சீசன், மற்ற ஊர்க் கச்சேரிகளையும் அதைச் சுற்றித்தான் கோப்பார்கள். "டூரிஸ்ட் விசாவில் போயிட்டு வாங்களேன், யார் பார்க்கப் போறாங்க" என்றவர்கள் உண்டு. அந்த விசாவில் சம்பளத்துக்கு வாசிக்கக் கூடாது. மிருதங்கப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இமிக்ரேஷனில் "ஊர் பார்க்க வந்தேன்" என்று சொல்லும் தைரியமும் எனக்கு இல்லை.

நமக்கானது பி-3 (P-3) விசா. ஒரு பண்பாட்டுக்கே உரிய கலையைச் செய்பவர்களுக்கான பிரிவு. இதற்கு நாமே விண்ணப்பிக்க முடியாது; அமெரிக்காவில் இருக்கும் அமைப்போ ஏஜென்டோ ஐ-129 படிவத்தை அங்குள்ள குடியேற்றத் துறைக்கு அனுப்பி, அது அப்ரூவ் ஆன பிறகுதான் இங்கே தூதரக வேலை. ஒப்பந்தம், தேதிவாரியான கச்சேரிப் பட்டியல், இசைக் கலைஞர் தொழிற்சங்கத்தின் கருத்துக் கடிதம் எல்லாம் அவர்கள் பாடு. நாம் யார் என்று காட்டுவது நம் பாடு.

அங்கேதான் திணறினேன். பாடகரிடம் ஃபைல் நிறைய விமர்சனங்கள். பக்கவாத்தியக்காரனிடம் என்ன இருக்கும்? இருபது வருஷம் வாசித்ததற்கு சாட்சி, சபா நோட்டீஸில் பொடி எழுத்தில் ஒரு பெயர், விமர்சனத்தின் கடைசி வரியில் "மிருதங்கம் பக்கபலமாக இருந்தது". பணம் கவரில் வரும், ரசீது ஏது? போதாததற்கு நோட்டீஸில் ஊர்ப்பெயரோடு ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் சர்நேமாக வேறொரு பெயர். இரண்டும் ஒரே ஆள்தான் என்று அஃபிடவிட் போட்டேன். மூத்த வித்வான் ஒருவரிடம் கடிதம் கேட்டால், "தங்கமான பையன், மரியாதை தெரிந்தவன்" என்று அன்பாக எழுதிக் கொடுத்துவிட்டார். அமெரிக்க வக்கீல் திருப்பி அனுப்பினார்: என்ன பாணி, யாரிடம் பாடம், இந்த வாசிப்பு எந்த மரபைச் சேர்ந்தது, அதைச் சொல்ல இவருக்கு என்ன தகுதி, இவ்வளவும் வேண்டுமாம். அந்த வித்வான் மாமாவிடம் மறுபடி போய் நின்றேன்.

ஜனவரியில் மனுவை அனுப்பினார்கள், சீக்கிரம் பார்ப்பதற்கான 2,805 டாலர் பிரீமியம் கட்டணத்தோடு. அதைக் கட்டினால் 15 வேலை நாளில் பதில் வரும், ஆனால் அந்தப் பதில் கேள்வியாகவும் இருக்கலாம். எங்களுக்குக் கேள்விதான் வந்தது. பட்டியலில் ஒரு நிகழ்ச்சி ஜாஸ் பியானோவோடு. பி-3இல் எல்லா நிகழ்ச்சியும் பண்பாட்டுத் தனித்தன்மை உள்ளதாக இருக்க வேண்டும், இது எப்படி என்றார்கள். எடுத்துவிடலாம் என்றுதான் நான் சொன்னேன். வக்கீல் விடவில்லை. லாஸ் ஏஞ்சலஸின் ஸ்கர்பால் பண்பாட்டு மையம் அழைத்த அர்ஜென்டினா குழு ஒன்று, யூதர்களின் கிளெஸ்மர் இசையையும் லத்தீன் அமெரிக்க இசையையும் கலந்து வாசிப்பவர்கள், முதலில் மறுக்கப்பட்டு 2012இல் மேல்மட்ட மறுஆய்வில் ஜெயித்திருக்கிறது. கலப்பு இசையும் தனித்தன்மை உள்ளதாக இருக்கலாம் என்று தீர்ப்பு. அதை மேற்கோள் காட்டி, எங்கள் பல்லவி அமைப்பையும் விளக்கி எழுதினார். பதில் போன நாளிலிருந்து 15 நாள் கணக்கு மறுபடி முதலிலிருந்து. மார்ச் நடுவில் அப்ரூவல் வந்தது.

அப்புறம் டிஎஸ்-160 விசா படிவம், 205 டாலர் கட்டணம், கைரேகை, சென்னை ஜெமினி பாலத்தடியில் தூதரக வரிசை. இன்டர்வியூ இரண்டு நிமிஷம். யார் பணம் தருகிறார்கள், எப்போது திரும்புவீர்கள், அவ்வளவுதான். 140 பக்க ஃபைலைத் திறக்கச் சொல்லவில்லை, எனக்குக் கொஞ்சம் வருத்தம்கூட!

அங்கே போனதும் ஐ-94 என்ற வருகைப் பதிவில் உள்ள தேதியைப் பாருங்கள், தங்கும் கெடு அதுதான், விசா ஸ்டிக்கரில் உள்ள தேதி இல்லை. நடுவில் வந்த இரண்டு கச்சேரிகளைப் புது மனு இல்லாமல் சேர்க்க முடிந்தது. ஆனால் தங்கிய வீட்டில், பிள்ளைகளுக்கு நாலு கிளாஸ் எடுங்கள், கையில் தருகிறோம் என்றார்கள். மனுவில் இல்லாத வேலை. மறுத்தேன், அவர்களுக்கு முகம் சுண்டிவிட்டது.

கடைசியாகப் பணம். வெளிநாட்டுக் கலைஞர் என்று தொகையில் 30 சதவீதம் வரி பிடித்துவிட்டுத்தான் கொடுத்தார்கள். 1040-என்ஆர் என்ற வரிக் கணக்குப் படிவத்தில் செலவைக் கழித்துக் காட்டினால் கொஞ்சம் திரும்ப வரலாம் என்கிறார் ஆடிட்டர். பில் எல்லாம் கேட்டிருக்கிறார். ஒரு ஷூ டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன், பாதி மை அழிந்துவிட்டது.