ஹாலிஹாக்: முதல் வருடம் இலை, இரண்டாம் வருடம் பூ

இரண்டு ரக ஹாலிஹாக் பூச்செடி விதைகளோடு ஆரம்பித்தேன். ஒன்று நைக்ரா. கறுப்பு என்றே சொல்லலாம், அவ்வளவு அடர்ந்த மெரூன் நிறத்தில் ஒற்றை அடுக்குப் பூ. இன்னொன்று சேட்டர்ஸ் டபுள், மெல்லிய காகிதத்தைக் கசக்கிப் பிரித்த மாதிரி அடுக்கடுக்காக இதழ்கள். செம்பருத்தி, வெண்டை, பருத்தி இருக்கிற குடும்பம்தான் ஹாலிஹாக்கும். வெண்டைப் பூவை உற்றுப் பார்த்தவர்களுக்கு நைக்ராவின் அமைப்பு புதிதாகத் தெரியாது. ஐந்து இதழ், நடுவில் மகரந்தத் தாள்கள் ஒன்றுசேர்ந்து நிற்கும் குழல். உயரத்தில்தான் வித்தியாசம். ஒரே தண்டு ஆறடி, எட்டடி வரை போகும். பூக்கள் அந்தத் தண்டை ஒட்டியே வரும்.

விதை தட்டையாக, வட்டமாக இருக்கும். ஓர் இரவு ஊறவைத்து, அரை சென்டிமீட்டர் ஆழத்துக்கு மேல் போகாமல் விதைத்தேன். 15 முதல் 20 டிகிரி செல்சியஸ் இருந்தால் இரண்டு வாரத்துக்குள் முளைத்துவிடும். கவனம் வேண்டியது வேரில். இது ஆணிவேர்ச் செடி. நாற்றுத் தட்டில் வளர்த்தால் வேர் சீக்கிரமே அடியைத் தொட்டுச் சுருளத் தொடங்கும். அதனால் ஆழமான பைகளில் விதைத்து, நாலைந்து நிஜ இலை வந்ததும் மண் உதிராமல் தோட்டத்தில் இறக்கினேன். அதற்குப் பிறகு இடம் மாற்றக் கூடாது. வளர்ந்த ஹாலிஹாக்கைப் பிடுங்கி நட்டால் பிழைப்பது அபூர்வம்.

இடம் தேர்ந்தெடுப்பதில்தான் நிறைய யோசித்தேன். சுவரோரம் வைத்தால் உயரமான தண்டுக்குக் காற்றிலிருந்து பாதுகாப்பு. ஆனால் காற்றோட்டம் குறைந்தால் இலை காயாது, நோய் வரும். கடைசியில் சுவரிலிருந்து ஓரடிக்கு மேல் தள்ளி, செடிக்குச் செடி 60 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு நட்டேன். தினமும் ஆறு மணி நேரமாவது வெயில், தண்ணீர் தேங்காத மண், கொஞ்சம் மட்கிய தொழு உரம், இவ்வளவு போதும். தழைச்சத்தை அள்ளிக் கொட்டினால் இலை கொழுக்கும், தண்டு வலுவிழக்கும்.

முதல் வருடம் முழுக்க இலைதான். தரையை ஒட்டி வட்டமாக, சொரசொரப்பான பெரிய இலைகள். பூச்செடி என்று நம்பி வைத்தவர்களுக்கு இந்தக் கட்டத்தில் சந்தேகம் வந்துவிடும். இது பெரும்பாலும் இருபருவச் செடி. முதல் வருடம் வேரில் சேமித்ததை அடுத்த வருடம் தண்டாகவும் பூவாகவும் செலவழிக்கும். சீக்கிரமே விதைத்தால் முதல் வருடமே பூக்கும் ரகங்களும் இருக்கின்றன. கோடை கடுமையான இடங்களில் குளிர்காலத்துக்கு முன்பே விதைத்து, ஒரே பருவத்தில் முடித்துக்கொள்கிறார்கள். அவசரம் உள்ளவர்கள் அந்த வழியில் போகலாம். என்னிடம் இருந்த ரகங்களுக்குக் காத்திருக்கத்தான் வேண்டும்.

இனி துரு நோய். ஹாலிஹாக் வளர்ப்பில் பாதி வேலை இதோடுதான், என்னைக் கேட்டால் முக்கால்வாசி. இலையின் மேல்பக்கம் சின்னச் சின்ன மஞ்சள் புள்ளிகள். திருப்பிப் பார்த்தால் அதே இடத்தில் அடிப்பக்கம் ஆரஞ்சும் பழுப்புமான மேடுகள். எப்போதும் கீழ் இலையில் தொடங்கி மேலே ஏறும். பக்சீனியா மால்வசியேரம் என்கிற பூஞ்சை இது. தென் அமெரிக்காவிலிருந்து கிளம்பி 1873இல் பிரிட்டனை எட்டியபோது, அங்கே கொடிகட்டிப் பறந்த ஹாலிஹாக் வளர்ப்பே படுத்துவிட்டது. சேட்டர்ஸ் டபுள் என்ற பெயருக்குக் காரணமான வில்லியம் சேட்டர் அந்த 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் சாஃப்ரன் வால்டன் ஊரில் நர்சரி வைத்திருந்தவர்.

பல துருப் பூஞ்சைகளுக்கு வாழ்க்கையை முடிக்க இரண்டு விதமான செடிகள் தேவை. இதற்கு அந்தத் தொல்லை இல்லை. ஹாலிஹாக்கிலேயே முழுச் சுற்றையும் முடித்துக்கொள்ளும். பழுப்பு மேட்டிலிருந்து வரும் வித்துகள் காற்றில் பக்கத்துச் செடிக்குப் போகும், ஈரமான இலை கிடைத்தால் உள்ளே இறங்கும். பழைய இலையிலும் தண்டின் அடியிலும் தங்கி அடுத்த பருவத்துக்குக் காத்திருக்கும்.

இதைப் புரிந்துகொண்டால் என்ன செய்ய வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும். புள்ளி தெரிகிற இலையைக் காம்போடு எடுத்துவிடுவேன். உரக்குழியில் போடுவதில்லை, அப்புறப்படுத்திவிடுகிறேன். தண்டு உயர ஆரம்பித்ததும் அடியில் ஓரடிக்கு இலையே இல்லாமல் மழித்துவிட்டேன். பார்க்க மொட்டையாக இருக்கும். முன்னால் குட்டையான செடிகளை வைத்தால் மறைந்துவிடும். தண்ணீர் காலையில், வேருக்கு மட்டும். மழை விட்டுவிட்டுப் பெய்த நாட்களில் தண்ணீரில் கரைத்துத் தெளிக்கிற கந்தகத் தூளும் தெளித்தேன். அது வருமுன் காக்கும் மருந்துதான், பூத்துக் கிடக்கிற துருவை அழிக்காது. தெளிப்பதைவிட இலை பறிப்பதே அதிகம் பலன் தந்தது என்பது என் கணிப்பு. சுற்றிலும் ஹாலிஹாக்கின் குடும்பத்தைச் சேர்ந்த மால்வா வகைக் களைகள் இருந்தால் அவற்றையும் பிடுங்கிவிடுங்கள், அதே பூஞ்சை அவற்றிலும் வாழும்.

அசுவினிக்குத் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தேன், ஓடிவிட்டது. சிலந்திப்பேன் வறண்ட நாட்களில் மட்டும் எட்டிப் பார்த்தது. பூச்சித் தொல்லை அவ்வளவுதான்.

இரண்டாம் வருடம் தண்டு எழும்பிய வேகம் ஆச்சரியம். மொட்டு தெரிவதற்கு முன்பே மூங்கில் குச்சி ஊன்றி, இரண்டு இடத்தில் தளர்வாகக் கட்டினேன். பூக்கள் கீழிருந்து மேலாகத் திறக்கும். ஒரே தண்டில் அடியில் காயும் நடுவில் பூவும் நுனியில் மொட்டும் ஒன்றாக இருக்கும். ஒவ்வொரு பூவிலும் முதலில் மகரந்தம் உதிரும். அது தீர்ந்த பிறகுதான் சூல்முடிகள் இழை இழையாக வெளியே வந்து விரியும். மகரந்தத் துகள்கள் பெரியவை, முள் முள்ளாக இருக்கும். பூவுக்குள் நுழைந்து வரும் தேனீக்களின் உடம்பெல்லாம் வெள்ளைத் தூள் அப்பியிருக்கும். அழகில் நைக்ராவுக்குத்தான் என் ஓட்டு. சேட்டர்ஸ் டபுளின் அடுக்குப் பூ மழையில் நனைந்தால் கனம் தாங்காமல் தொங்கிவிடுகிறது.

பூ முடிந்ததும் காய் பழுப்பாகி உலரும். உள்ளே விதைகள் ஒன்றையொன்று ஒட்டி வளையமாக அடுக்கியிருக்கும். முழுக்க உலர்ந்ததும் எடுத்துக் காகித உறையில் போட்டேன். இரண்டு ரகமும் அருகருகே நின்றதால் தேனீக்கள் கலந்துவிட்டிருக்கும், எனவே இந்த விதையிலிருந்து அசல் நைக்ரா வரும் என்று எதிர்பார்க்க முடியாது. அதற்காக ஒரு தண்டில் சில மொட்டுகளை முன்பே மெல்லிய வலைத்துணியால் கட்டி, பூத்ததும் தூரிகையால் நானே மகரந்தம் தொட்டுவைத்தேன். அந்த விதைகளைத் தனியாகக் குறித்து வைத்திருக்கிறேன். அவற்றோடு, துருவை ஓரளவு தாங்கும் அல்சியா ஃபிசிஃபோலியா என்ற அத்தி இலை ஹாலிஹாக்கையும் அடுத்த விதைப்பில் சேர்க்கிறேன். பழைய பாத்தியில் அல்ல, தோட்டத்தின் மறுபக்கத்தில்.