ஷூ கம்பெனி சர்வரில் இடம் பிடித்த கதை

ராணிப்பேட்டை பக்கம் ஷூ ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனிக்கு சர்வர், நெட்வொர்க் வேலையெல்லாம் நான்தான் பார்க்கிறேன். (2019ல் மாவட்டத்தைப் பிரித்த பிறகு ராணிப்பேட்டை தனி மாவட்டம், வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு இன்னும் எல்லாமே வட ஆற்காடுதான்.) அங்கே ஃபைல் சர்வரில் டி டிரைவ் எப்போதும் நிரம்பி, சிவப்பாகவே இருக்கும். யாராவது எதையாவது அழித்தால் ஒரு வாரம் மூச்சு விடும், அப்புறம் மறுபடியும் அதே நிலைமை. புது ஸ்டோரேஜ் பாக்ஸுக்கு கொட்டேஷன் வாங்கிக் கொடுத்தேன். முதலாளி அதைப் பார்த்துவிட்டுக் கேட்டது ஒரே கேள்வி: "ஆர்டர் ஒண்ணும் ரெண்டு மடங்கு ஆகலையேப்பா, ஃபைல் மட்டும் எப்படி ரெண்டு மடங்கு ஆச்சு?"

நியாயமான கேள்விதான். பதில் ஃபோல்டர்களுக்குள்ளேயே இருந்தது. ஒரு பையரிடமிருந்து (ஷூ வாங்கும் கம்பெனி) டெக் பேக் வரும், ஷூவை எப்படிச் செய்ய வேண்டும் என்று சொல்லும் ஃபைல் கட்டு. ஸ்பெக் ஷீட், ஸ்கெட்ச், டெஸ்ட் ரிப்போர்ட் பிடிஎஃப், கலர் கார்டு ஸ்கேன் எல்லாம் அதில் இருக்கும். ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் அதைத் தன் ஃபோல்டரில் போடுவார். சாம்பிளிங்கில் ஒரு காப்பி, விலைக் கணக்கு போடும் காஸ்டிங்கில் ஒரு காப்பி, கட்டிங்கில் ஒன்று, க்வாலிட்டியில் ஒன்று. அடுத்த சீசன் வந்ததும் போன சீசன் ஃபோல்டரை முழுசாகக் காப்பி செய்து, பெயரை மாற்றி, அதற்குள் வேலையைத் தொடங்குவார்கள். பழைய சாம்பிள் போட்டோக்கள் உட்பட எல்லாம் கூடவே போகும். இதில் யாரையும் குறை சொல்ல முடியாது, அவரவர் ஃபைல் அவரவர் கையில் இருந்தால்தான் ஷிப்மென்ட் நேரத்தில் வேலை ஓடும். "காப்பி எடுக்காதீங்க" என்று சர்க்குலர் போடுவது வீண் வேலை.

சர்வரில் ஓடுவது விண்டோஸ் சர்வர் 2019. டேட்டா டிடூப்ளிகேஷன் என்ற வசதி 2012 பதிப்பிலிருந்தே விண்டோஸ் சர்வரில் இருக்கிறது, தனி லைசென்ஸ் வேண்டாம், சர்வரில் அதற்கான ரோலை (கூடுதல் வசதியை) சேர்த்தால் போதும். அது ஃபைலை 32 கேபி முதல் 128 கேபி வரையிலான துண்டுகளாக வெட்டும். ஒரே மாதிரித் துண்டு எத்தனை ஃபைலில் வந்தாலும் ஒருமுறைதான் சேமிக்கும், மற்ற இடங்களில் அதைக் காட்டும் சுட்டி மட்டும் இருக்கும். வெட்டும் இடத்தை உள்ளடக்கத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறது. அதனால் ஒரு ஃபைலின் தொடக்கத்தில் நாலு எழுத்து புதிதாகச் சேர்ந்தாலும் மீதித் துண்டுகள் பழையவற்றோடு பொருந்திப் போகும். அளவு மாறாமல் வெட்டும் முறையில் இது நடக்காது, முன்னால் கொஞ்சம் நகர்ந்தால் பின்னால் எல்லாமே நகர்ந்துவிடும்.

இதை இயக்குவதற்கு முன்னால் எவ்வளவு மிச்சமாகும் என்று பார்க்க டிடிபிஈவல் என்ற சின்ன டூல் உண்டு. ரோலைச் சேர்த்ததும் சிஸ்டம்32 ஃபோல்டரில் வந்து உட்கார்ந்துவிடும், ஒரு ஃபோல்டரைக் காட்டினால் சதவீதம் சொல்லும். பொதுவான ஃபைல் ஷேரில் 50 முதல் 60 சதவீதம், தனிப்பட்ட ஆவணங்களில் 30 முதல் 50 சதவீதம் என்று மைக்ரோசாஃப்ட் சொல்கிறது. மொத்த டிரைவுக்கும் ஒரே எண்ணை எடுத்துக்கொள்ளாமல் ஃபோல்டர் ஃபோல்டராக ஓட்டிப் பாருங்கள், அப்போதுதான் விஷயம் புரியும். பையர் ஃபோல்டர்களில் பாதிக்கு மேல் மிச்சம் என்று காட்டியது. போட்டோக்களை ஜிப் போட்டு வைத்திருந்த ஃபோல்டரில் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. ஜிப்புக்குள் ஒரு படம் மாறினாலும் அதற்கப்புறம் துண்டு எல்லைகள் பொருந்துமா என்பது பேக் செய்த விதத்தைப் பொறுத்தது. ஒரே காகிதத்தை இரண்டு பேர் தனித்தனியாக ஸ்கேன் செய்திருந்தால் நம் கண்ணுக்குத்தான் ஒன்று, டிஸ்க்குக்கு அவை வேறு வேறு ஃபைல்.

சரி, உடனே இயக்கிவிடலாம் என்றால் அதற்கும் டிரைவில் கொஞ்சம் இடம் வேண்டும். துண்டுகளை முதலில் எழுதிவிட்டுத்தான் பழையதை விடுவிக்கும், விளிம்பு வரை நிரம்பிய டிரைவில் அது திணறும். அதனால் முதலில் சூடான டேட்டாவை, அதாவது அடிக்கடி திறக்கும் ஃபைல்களை, வெளியே எடுக்க வேண்டியிருந்தது. வேகமான எஸ்எஸ்டி டிஸ்க் இரண்டு வாங்கி மிர்ரராக (இரண்டிலும் ஒரே டேட்டா இருக்கும்படி) போட்டு, நடப்பு சீசன் அதில், முடிந்த சீசன் பழைய ஹார்ட் டிஸ்க்கில் என்று பிரித்தேன். விண்டோஸின் ஸ்டோரேஜ் ஸ்பேசஸ் என்ற வசதியில் இதைத் தானாகச் செய்யும் வழி இருக்கிறது, ஒவ்வொரு 1 எம்பி பகுதியையும் எவ்வளவு பயன்படுகிறது என்று பார்த்து எஸ்எஸ்டிக்கும் டிஸ்க்குக்கும் இடையே மாற்றிக்கொண்டே இருக்கும். எங்களுக்கு அது ஒத்துவரவில்லை. ஏற்கெனவே டேட்டா உள்ள டிஸ்க்கை அப்படியே அதன் பூலில் (டிஸ்க்குகளின் தொகுப்பில்) சேர்க்க முடியாது, துடைத்தாக வேண்டும். அந்த நகர்த்தும் வேலை வழக்கமாக இரவு 1 மணிக்கு ஓடும், எங்கள் சர்வர் அந்த நேரத்தில் தூங்கிக்கொண்டிருக்கும். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

எது சூடு, எது குளிர் என்று பிரிப்பதில்தான் மண்டை காய்ந்தது. கடைசியாகத் திறந்த தேதியை வைத்துப் பிரிக்கலாம் என்பார்கள், ஆனால் விண்டோஸ் ஃபைல்களை வைக்கும் என்டிஎஃப்எஸ் முறையில் அந்தத் தேதி பதிவாவதே பல சர்வர்களில் அணைந்திருக்கும், எங்களுடையதும் அப்படித்தான். கடைசியாக மாற்றிய தேதியை எடுத்தால் பேட்டர்ன் ஃபைல்கள் (ஷூவின் பாகங்களை வெட்டுவதற்கான வரைபடங்கள்) எல்லாம் குளிர் பக்கம் போகின்றன. சாம்பிளிங் அக்காவிடம் லிஸ்ட்டைக் காட்டியதும், "தம்பி, இதைத் தூக்கிடாத, இந்த ஆர்ட்டிகிள் வருஷா வருஷம் ரிப்பீட் வரும். மாத்த மாட்டோம், ஆனா தெனம் தொறப்போம்" என்றார். கேட் (CAD) என்ற வரைபட மென்பொருளில் அந்தப் பேட்டர்னைத் திறந்து, சைஸ் வாரியாக கிரேடிங் பார்த்து, மாற்றாமல் மூடுவார்கள், தேதி அசையாது. அதனால் ரிப்பீட் ஆர்ட்டிகிள் (மறுபடி மறுபடி ஆர்டர் வரும் ஷூ மாடல்) லிஸ்ட்டை அக்காவிடமே வாங்கி, அதெல்லாம் எஸ்எஸ்டியில் என்று வைத்துக்கொண்டேன். இந்த லிஸ்ட்டை எந்த மென்பொருளும் தராது.

இடம் மாறினால் பாத் (ஃபைல் இருக்கும் முகவரி) மாறும், பாத் மாறினால் காஸ்டிங் எக்செல் ஷீட்டுகளில் ஒன்றோடொன்று போட்ட லிங்க் எல்லாம் அறுந்துபோகும். அதற்கு ஜங்ஷன் உதவியது. பழைய ஷேருக்குள் அதே பெயரில் ஒரு ஜங்ஷன், அது வேறு டிரைவில் உள்ள நிஜ ஃபோல்டரைக் காட்டும். அதை சர்வரே தீர்த்துவிடுவதால் ஊழியர்களின் கம்ப்யூட்டரில் எந்த வித்தியாசமும் தெரியாது. விண்டோஸின் காப்பி கமாண்டான ரோபோகாப்பி ஓட்டும்போது மட்டும் எக்ஸ்ஜே (/XJ) ஆப்ஷனைச் சேர்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஜங்ஷனுக்குள் நுழைந்து அந்தப் பக்கத்து ஃபைலையும் சேர்த்து இழுத்து வந்துவிடும்.

பிறகு டி டிரைவில் மட்டும் டிடூப்ளிகேஷனை இயக்கினேன். டேலி கணக்கு மென்பொருளின் டேட்டா, எப்போதும் திறந்தே கிடக்கும் ஃபைல்கள் இதில் சேரவே கூடாது, அவை எஸ்எஸ்டியில். வழக்கமான அமைப்பில் 3 நாளைக்கு மேல் பழைய ஃபைல்களைத்தான் தொடும், 32 கேபிக்குக் குறைந்தவற்றை விட்டுவிடும். ரேம் விஷயத்தில் 1 டிபி டேட்டாவுக்கு 1 ஜிபி என்று கணக்கு வைத்தால் நிம்மதி.

முதலில் இடம் நன்றாகவே குறைந்தது. அப்புறம் ஒரு பழைய சீசனையே அழித்தும் இடம் திரும்ப வரவில்லை. அழித்த ஃபைலின் துண்டுகளை வேறு ஃபைல்களும் வைத்திருக்கலாம் என்பதால் அழித்தவுடனே இடம் விடுபடாது, யாருக்கும் தேவைப்படாத துண்டுகளைத் துடைக்கும் கார்பேஜ் கலெக்‌ஷன் வேலை ஓடியாக வேண்டும். வழக்கமாக அது சனிக்கிழமை விடியற்காலை 2:35க்கு. இந்தக் கம்பெனியில் ராத்திரி கடைசியாகக் கிளம்புகிறவர் சர்வர் ரூம் ஏசியையும் சர்வரையும் அணைத்துவிட்டுத்தான் கிளம்புவார். வேலூர் வெயிலில் ஏசி இல்லாத ரூமில் சர்வரை ஓடவிடவும் முடியாது, அவர் செய்வது சரிதான். ஷெட்யூலை மதியச் சாப்பாட்டு நேரத்துக்கும் சனிக்கிழமை சாயங்காலத்துக்கும் மாற்றினேன், இடம் வந்தது.

அடுத்து ஒரு பீதி. மெர்ச்சண்டைசர் ஒருவர் போன் செய்து, "தம்பி, ஃபைலெல்லாம் காலியாயிடுச்சு, ப்ராப்பர்ட்டீஸ்ல பாரு" என்றார். போய்ப் பார்த்தால் ஃபைல் சைஸ் பல எம்பி, அதன் கீழே டிஸ்க்கில் பிடிக்கும் அளவு சில கேபி, சிலவற்றுக்கு பூஜ்யம். நிஜ டேட்டா சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன் ஃபோல்டருக்குள் துண்டுகளாக இருக்கிறது, இங்கே இருப்பது சுட்டி மட்டும். ஃபைலைத் திறந்து காட்டிய பிறகுதான் நம்பினார்.

அவர் பயந்ததில் ஒரு நியாயம் இருக்கிறது. அந்த டிஸ்க்கைக் கழற்றி சாதாரண விண்டோஸ் 10 கம்ப்யூட்டரில் மாட்டினால் ஃபைல் பெயர்கள் தெரியும், ஆனால் டிடூப் ஆன ஃபைல் எதுவும் திறக்காது. டிடூப்ளிகேஷன் ரோல் உள்ள சர்வர்தான் வேண்டும். சர்வர் புகைந்துபோனால் டிஸ்க்கைக் கையில் எடுத்து வேறு கம்ப்யூட்டரில் மாட்டிப் பிழைக்கும் பழைய வித்தை இனி இங்கே செல்லாது. இன்னொன்று, ஒரு துண்டு கெட்டால் அதைப் பயன்படுத்தும் ஃபைல் எல்லாம் கெடும். 100 தடவைக்கு மேல் பயன்படும் துண்டுகளுக்கு விண்டோஸே இன்னொரு காப்பி வைத்துக்கொள்கிறது, ஆனால் 5 ஃபைலில் வரும் துண்டுக்கு அந்தக் காவல் கிடையாது. முன்பு நாலு டிபார்ட்மென்ட் காப்பி என்பது தெரியாமலே கிடைத்த நாலு பேக்கப். இப்போது அது ஒன்றாகிவிட்டது.

அதனால் பேக்கப்பைப் புதிதாக யோசிக்க வேண்டியிருந்தது. ஃபைல் ஃபைலாக நாஸுக்கு (நெட்வொர்க்கில் தனியாக இருக்கும் ஸ்டோரேஜ் பெட்டிக்கு) காப்பி செய்தால் எல்லாம் முழு அளவுக்கு விரிந்துதான் போகும்; டி டிரைவில் பாதி இடம் காலியாகத் தெரிந்தாலும் நாஸில் பழைய மொத்த அளவுக்கும் இடம் வேண்டும். வால்யூமை, அதாவது டிரைவை, முழுதாக உள்ளபடியே ஒரே இமேஜாக எடுத்தால் சுருங்கிய அளவிலேயே போகும், திரும்பப் போட மட்டும் ரோல் உள்ள சர்வர் வேண்டும். நாங்கள் இரண்டையும் வைத்துக்கொண்டோம்: வாரத்துக்கு ஒரு இமேஜ், நடப்பு சீசனும் ரிப்பீட் ஆர்ட்டிகிள்களும் தினமும் ஃபைல் காப்பியாக. ஃபைல் காப்பியை யார் வேண்டுமானாலும் எந்தக் கம்ப்யூட்டரிலும் திறக்கலாம், ஷிப்மென்ட் நேரத்தில் அதுதான் கைகொடுக்கும். இமேஜிலிருந்து ஒரு ஃபோல்டரை பழைய சர்வர் ஒன்றில் மீட்டுப் பார்த்து, அந்த சர்வரை அதற்காகவே ரோலோடு ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

புது ஸ்டோரேஜ் பாக்ஸ் கொட்டேஷன் அப்படியே நின்றுபோனது. அதற்குப் பதிலாக வாங்கியது இரண்டு எஸ்எஸ்டியும், நாஸுக்குப் பெரிய டிஸ்க்குகளும். முதலாளி பில்லைப் பார்த்து, "இடம் மிச்சம்னியே, அப்புறம் எதுக்குடா டிஸ்க்?" என்றார். மேலே எழுதிய பேக்கப் விஷயத்தைத்தான் அவருக்கும் சொன்னேன். கையெழுத்துப் போட்டார்.