துணைக்கு வந்தவர்கள்: குடும்ப மருத்துவப் பயிற்சி நாட்குறிப்பு

2024 ஜூலை 8

தேசியத் தேர்வு வாரியத்தின் டி.என்.பி. மேற்படிப்பில் மூன்றாம் ஆண்டு தொடங்கிவிட்டது. பொது மருத்துவம், அறுவை சிகிச்சை, மகப்பேறு, குழந்தைகள் நலம், அவசர சிகிச்சை என்று இதுவரை வார்டு வார்டாகச் சுற்றினோம். இனிப் பெரும்பாலான நாட்கள் குடும்ப மருத்துவப் புறநோயாளிகள் பிரிவில்தான். திண்டுக்கல் மாவட்டத்து மலையடிவார மிஷன் மருத்துவமனை இது. சுற்றுவட்டாரத்தில் முருங்கையும் மக்காச்சோளமும் போடுகிறவர்கள், நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள், மலைக்கிராமத்துக்காரர்கள் என்று எல்லோரும் வருவார்கள்.

ஊரில் சித்தப்பா கேட்டார்: "டி.என்.பி. முடித்த பிறகு எதில் ஸ்பெஷலிஸ்ட் ஆவாய்?" இதுவே தனித்துறைதான், எம்.பி.பி.எஸ். முடித்து நீட் முதுநிலைத் தேர்வு எழுதி மூன்று ஆண்டுகள் படிக்கிற படிப்பு என்றேன். "சரி, எந்த உறுப்பு?" என்றார். உறுப்பை வைத்துப் பிரிக்கவில்லை சித்தப்பா, யார் எந்தத் தொந்தரவோடு வந்தாலும் முதலில் பார்ப்போம், பிறகும் பார்த்துக்கொண்டே இருப்போம் என்று சொன்னேன். தலையாட்டினார். அடுத்த முறையும் கேட்பார். அடுத்த முறையும் சொல்வேன்.

2024 ஜூலை 30

இன்றைய நாள் முழுவதையும் ஒரு சிரிஞ்சு எடுத்துக்கொண்டது.

ஐம்பத்தைந்து வயது அம்மா. கணவரோடும் மகளோடும் வந்திருந்தார். சர்க்கரை நோய், இன்சுலின் போடுகிறார். "ஊசி குத்திக் குத்தி வயிறே மரத்துப்போய்விட்டது தாயி, சர்க்கரை மட்டும் இறங்கவே இல்லை" என்றார். ஏட்டைப் புரட்டினால், சர்க்கரை இறங்காததால் 20 யூனிட் 24 ஆகி, 30 ஆகியிருக்கிறது. அடுத்து 36 எழுதுவதற்குப் பதிலாக, வீட்டில் எப்படிப் போட்டுக்கொள்கிறாரோ அப்படியே செய்து காட்டச் சொன்னேன். மகள் பையிலிருந்து மருந்தையும் சிரிஞ்சையும் எடுத்து வைத்தாள். சிரிஞ்சின் மூடி ஆரஞ்சு நிறம்.

நம் ஊரில் பெரும்பாலும் கிடைக்கும் இன்சுலின் குப்பியில் ஒரு மில்லிக்கு 40 யூனிட் இருக்கும். அதற்குரிய சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி. ஆரஞ்சு மூடி போட்டது ஒரு மில்லிக்கு 100 யூனிட் உள்ள மருந்துக்கானது. 40 யூனிட் குப்பியிலிருந்து ஆரஞ்சு சிரிஞ்சில் 30 என்ற கோடு வரை இழுத்தால் உள்ளே வருவது 0.3 மில்லி, அதாவது 12 யூனிட்தான். எழுதிக் கொடுத்ததில் பாதிகூட இந்த அம்மாவின் உடம்புக்குள் போகவில்லை. அவர் மீது ஒரு குற்றமும் இல்லை. கடையில் கொடுத்ததை வாங்கி, சொன்ன கோடு வரை சரியாக இழுத்திருக்கிறார்.

சிவப்பு மூடி சிரிஞ்சைக் கையில் கொடுத்துவிட்டு "அதே 30 போடுங்கள்" என்று சொல்லிவிட முடியாது. 12 யூனிட்டுக்குப் பழகிய உடம்பில் திடீரென்று 30 இறங்கினால் சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழுந்துவிடலாம். 14-இல் தொடங்கினோம். மூன்று நாளுக்கு ஒருமுறை சோதித்து, மெதுவாக ஏற்ற வேண்டும். வீட்டில் குளிர்சாதனப் பெட்டி இல்லை என்பதால் மண்பானைக்குள் ஈர மணலில் மருந்தை வைக்கும் முறையை மகளிடம் சிஸ்டர் விளக்கினார்.

கிளம்பும் நேரத்தில் மகள் தயங்கியபடியே, தனக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறது என்றாள்.

2024 ஆகஸ்ட் 14

மகளுக்குக் கர்ப்பம் உறுதி. முதல் வருகையிலேயே 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்தோம். 140 அல்லது அதற்கு மேல் வந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை நோய். வெறும் வயிற்றோடு வரவேண்டிய கட்டாயம் இல்லாத இந்த எளிய சோதனை நம் ஊர்ப் பெண்களுக்கு எவ்வளவு பெரிய வசதி! அதற்காக உழைத்தவர்களில் முதன்மையானவர் சென்னையின் டாக்டர் வி. சேஷையா. அதிகாலையில் பஸ் பிடித்து, பசியோடு வந்து நிற்கும் கர்ப்பிணியைப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

சர்க்கரை கொஞ்சம் கூடுதலாகத்தான் இருந்தது. சாப்பாட்டு முறையில் தொடங்கியிருக்கிறோம். அம்மாவுக்கு 18 யூனிட், காலை சர்க்கரை நன்றாக இறங்கியிருக்கிறது.

துணைக்கு வந்த அப்பா ஓரமாக நின்றிருந்தார். என் ஆய்வேடே அவரைப் போன்றவர்களைப் பற்றியதுதான்: நோயாளியோடு வருகிறவர்களின் ரத்த அழுத்தத்தை அளந்து, தமக்கே தெரியாமல் இருக்கும் உயர் ரத்த அழுத்தத்தைக் கண்டுபிடிப்பது. உட்காரவைத்து, ஐந்து நிமிடம் பேசாமல் இருக்கச் சொல்லி அளந்தேன். 172/104. "எனக்கு ஒன்றும் இல்லையே தாயி, ஒட்டன்சத்திரம் சந்தைக்கு மூட்டை ஏற்றிவிட்டுத்தான் வருகிறேன்" என்றார். இன்னொரு நாளும் அளந்து, மாத்திரை தொடங்க வேண்டும்.

2024 அக்டோபர் 19

இரவுப் பணி. மழை. பதினொரு மணிக்கு 108-இல் ஓர் இளைஞர், வரப்பில் நடக்கும்போது கணுக்காலில் பாம்புக்கடி. கால் வீங்கிக்கொண்டே வந்தது. கட்டியிருந்த துண்டைத் தளர்த்திவிட்டு, சுத்தமான உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தம் எடுத்து அசைக்காமல் நிறுத்தினோம். இருபது நிமிடத்தில் உறையாவிட்டால் விஷம் ஏறியிருக்கிறது என்று பொருள். பிளாஸ்டிக் குழாய் உதவாது, சோப்பு போட்டுக் கழுவிய குழாயும் உதவாது. இதை முதலாம் ஆண்டு டாக்டர் தம்பிக்குச் சொல்லிக்கொண்டே கடிகாரத்தைப் பார்த்தேன். அந்த இளைஞரின் தாய் என்னையே பார்த்தார்.

நேரம் முடிந்ததும் தம்பி குழாயைச் சாய்த்தார். ரத்தம் தண்ணீராக ஓடியது. உடனே பத்துக் குப்பி விஷமுறிவு மருந்து. ஒவ்வாமை வந்தால் கொடுக்க அட்ரினலின் பக்கத்திலேயே தயார். ஆறு மணி நேரம் கழித்து மறுபடி எடுத்த ரத்தம் கெட்டியாக உறைந்து நின்றது.

நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்துக்கு எதிரான மருந்து அது. அதைத் தயாரிக்கத் தேவையான விஷத்தைப் பல ஆண்டுகளாகத் தந்துவருவது சென்னைக்கு அருகே வடநெம்மேலியில் இருக்கிற இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். 1978-இல் தொடங்கியது. அந்தக் கைகளுக்கு இந்த நாடு பட்டிருக்கும் கடன் பெரிது.

2024 டிசம்பர் 11

ஆய்வேட்டின் முன்னுரையை எழுதி முடித்தேன். வேல்ஸ் நாட்டின் கிளின்கோர்க் என்ற நிலக்கரிச் சுரங்கக் கிராமத்தில் மருத்துவராக இருந்த ஜூலியன் டியூடர் ஹார்ட்டைப் பற்றி ஒரு பத்தி வைத்திருக்கிறேன். மருத்துவம் அதிகம் தேவைப்படுகிற மக்களுக்குத்தான் நல்ல மருத்துவம் குறைவாகக் கிடைக்கிறது என்று 1971-இல் எழுதியவர் அவர். எழுதியதோடு நிற்காமல், நோய் என்று வந்தாலும் வராவிட்டாலும் தன் கிராமத்து ஆட்களின் ரத்த அழுத்தத்தைத் தேடித் தேடி அளந்தார். அவருக்குப் பெரிய ஆய்வகம் எதுவும் தேவைப்படவில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உற்சாகம் பொங்கிவருகிறது.

2025 மார்ச் 18

இன்சுலின் அம்மாவின் மகளுக்கு இன்று விடியற்காலையில் பெண் குழந்தை. சுகப்பிரசவம், நான்தான் பார்த்தேன். தொப்புள்கொடியின் துடிப்பு அடங்கும்வரை காத்திருந்து வெட்டினோம். ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால். சர்க்கரை கடைசிவரை கட்டுக்குள் இருந்தது. பாட்டியானவர் ஓடிவந்து என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார். அதே கையோடு, சிவப்பு மூடி சிரிஞ்சு தீர்ந்துவிட்டது என்றும் சொன்னார்.

2025 மே 19

உலகக் குடும்ப மருத்துவர் தினம். 2010 முதல் கொண்டாடப்படுகிறது. காலையில் முதலாம் ஆண்டினருக்கு வகுப்பு எடுத்தேன். ஆய்வேடு ஏற்கப்பட்டுவிட்டது. புறநோயாளிகள் பிரிவில் இன்சுலின் போடுகிறவர்கள் எல்லோரும் மருந்தையும் சிரிஞ்சையும் கொண்டுவந்து காட்ட வேண்டும் என்பது இப்போது வழக்கமாகிவிட்டது. இந்த மூன்றாண்டில் எனக்கு மிகவும் பெருமை தருவது அதுதான்.

குடும்ப மருத்துவ மேற்படிப்பை வளர்க்க வேண்டும் என்று 2019-இன் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் சொல்கிறது. ஆனாலும் எம்.டி. குடும்ப மருத்துவம் இருக்கிற கல்லூரிகள் மிகக் குறைவு. நான் படித்த கல்லூரியில் அப்படி ஒரு துறையே இல்லை. சிக்கல் முற்றி மேல்சிகிச்சைக்கு அனுப்பப்பட்டவர்களைப் பார்த்தே மாணவர்கள் டாக்டர் ஆகிறார்கள். முற்றுவதற்கு முன் அவர்கள் எப்படி இருந்தார்கள் என்று காட்ட அங்கே யாரும் இல்லை. ஒவ்வொரு மருத்துவக் கல்லூரியிலும் இந்தத் துறை வேண்டும். கேட்கிற இடத்திலெல்லாம் இதைச் சொல்லப்போகிறேன்.

2025 ஜூன் 27

தேசியத் தேர்வு வாரியத்தின் இறுதித் தேர்வுக்குப் படிப்பதற்காக விடுப்பில் போகிறேன். நான் தொடர்ந்து பார்த்துவந்த குடும்பங்களைத் தம்பியிடம் ஒப்படைக்கும் வேலை மாலைவரை நடந்தது. இன்சுலின் அம்மாவின் குடும்பத்தைப் பற்றி எழுதிக் கொடுத்தது இது:

அம்மா: இன்சுலின் 22 யூனிட். செருப்பைக் கழற்றச் சொல்லிப் பாதத்தைப் பார்க்கவும், கேட்டால் மட்டும் போதாது. அப்பா: அழுத்தம் 136/84. உடம்பு நன்றாக இருந்தால் மாத்திரையை நிறுத்திவிடுவார். "மக்களைத் தேடி மருத்துவம்" ஊழியர் மாதந்தோறும் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார், அவரிடமும் பேசி வைக்கவும். மகள்: பிரசவத்துக்குப் பிந்தைய சர்க்கரைச் சோதனை முடிந்தது, சரியாக இருக்கிறது, ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும், குடும்பக் கட்டுப்பாடு பற்றிப் பேசியாயிற்று. குழந்தை: பதினான்காம் வாரத் தடுப்பூசி அடுத்து.

மருமகன்: திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை, மாதம் ஒருமுறை வருகிறார், பீடி உண்டு. துணைக்கு வந்து வாசலிலேயே நின்றுவிடுவார். உள்ளே கூப்பிட்டு அளக்கவும்.