சென்ட்ரிங் பிரித்ததும் தளத்தில் குறை தெரிந்தது: நாங்கள் செய்தவை

கட்டிக்கொண்டிருக்கும் வீட்டின் தளத்துக்குச் சென்ட்ரிங் பிரித்த அன்று, பீமும் தளமும் சேரும் ஓரத்தில் ஜல்லி மட்டும் துருத்திக்கொண்டு, இடையில் சிமென்ட் பால் இல்லாமல் ஓட்டை ஓட்டையாகத் தெரிந்தது. ஓரிடத்தில் கம்பியே வெளியில் தெரிந்தது. மேலே ஏறிப் பார்த்தால், கான்கிரீட் போட்ட அன்றே விழுந்த மெல்லிய வெடிப்புகளும் அப்படியே இருந்தன. "பூச்சு வேலையில எல்லாம் மறைஞ்சிடும்" என்றார் மேஸ்திரி. மறைந்துவிடும் என்பதுதான் எனக்குக் கவலையே.

பூசக் கூடாது என்று உடனே நிறுத்தினோம். அளவு நாடாவை வைத்து ஒவ்வொரு இடத்தையும் படம் எடுத்தோம். அப்புறம், ஒப்பந்தக்காரரோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூப்பிட்டோம். வந்ததும் அவர் சொன்ன முதல் விஷயம், அந்தப் பகுதிக்குக் கீழே முட்டுகளை மறுபடி நிறுத்துங்கள், மேலே அடுக்கியிருக்கும் செங்கல்லை இறக்குங்கள் என்பது. பரிசோதனையெல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஒப்பந்தக்காரர் கியூப் டெஸ்ட் ரிப்போர்ட்டை எடுத்து வந்தார். 28 நாள் வலிமை, வடிவமைப்பில் கேட்டதற்கு மேலேயே இருந்தது. பொய் ரிப்போர்ட் இல்லை. ஆனால் அது எதைச் சொல்கிறது என்று புரிந்துகொள்ள வேண்டும். 150 மி.மீ. அச்சில் கலவையை நிரப்பி, நன்றாகக் குத்தி, தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்து உடைத்துப் பார்ப்பதுதான் கியூப். கலவை சரியா என்பது அதில் தெரியும். அதே கலவை கம்பிகளுக்கு நடுவே இறங்கியதா, கலவையை அதிரவைத்து இறுக்கும் வைப்ரேட்டர் எட்டியதா, வெயிலில் காயாமல் தண்ணீர் நின்றதா என்பது தெரியவே தெரியாது. என்னைப் போன்ற வீட்டுக்காரர்களை வாயடைக்க வைக்கும் காகிதம் இதுதான், அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன். கியூப் பாஸ் ஆனாலும் தளத்தில் குறை இருக்கலாம்.

வெடிப்பு விஷயத்தில் ஓரளவு நிம்மதி கிடைத்தது. காற்றும் வெயிலும் பலமாக இருந்தால், கான்கிரீட்டுக்குள்ளிருந்து தண்ணீர் மேலே கசிவதைவிட வேகமாக மேற்பரப்பு காய்ந்துவிடும். இறுகும் முன்பே தோல் சுருங்கி வெடிக்கும். எங்கள் வெடிப்புகள் சாய்வாக, கம்பி ஓடும் கோடுகளோடு சம்பந்தமில்லாமல் இருந்தன. அகலமும் 0.3 மி.மீ.க்குக் கீழேதான். கம்பிக்கு நேர் மேலே வரிசையாக விழுந்தால் கான்கிரீட் கம்பியின் மேல் படிந்து இறங்கியிருக்கலாம். முட்டுகளை எடுத்த பிறகு அடிப்பக்கம் நடுவில் விழுந்து அகலமாகிக்கொண்டே போனால் அது பாரம் தாங்குவது பற்றிய கேள்வி, ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது என்றார் இன்ஜினியர்.

ரீபவுண்ட் ஹாமர் என்ற, தட்டினால் எவ்வளவு துள்ளுகிறது என்று அளக்கும் கருவியை வைத்துத் தளம் முழுக்கத் தட்டிப் பார்த்தார்கள். அது மேல்தோலின் கடினத்தை மட்டும் காட்டும். வலிமைக் கணக்கில் 25 சதவீதம்வரை முன்னே பின்னே போகும். அதனால் அந்த எண்ணை அப்படியே நம்பாமல், எந்த இடம் மற்ற இடங்களைவிடப் பலவீனம் என்று கண்டுபிடிக்க மட்டும் பயன்படுத்தினார்கள். சந்தேகம் வந்த பகுதியில் கம்பி எங்கே ஓடுகிறது என்று கருவியால் குறித்துவிட்டு, கம்பி வெட்டுப்படாமல் கோர், அதாவது உடைத்துச் சோதிக்க உருளையாகத் துளைத்தெடுக்கும் கான்கிரீட் துண்டு, எடுத்தார்கள். மூன்று கோர்களின் சராசரி, கேட்ட வலிமையில் 85 சதவீதமாவது வர வேண்டும். எந்த ஒன்றும் 75 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது. எங்களுடையவை தேறின. கோர் எடுத்த துளைகளைச் காய்ந்தாலும் சுருங்காத கிரவுட் என்ற அடைப்புக் கலவை வைத்து அடைத்தார்கள்.

ஆக, கலவை நல்லது, போட்ட விதம்தான் மோசம். பீம் ஓரத்தில் கம்பி நெருக்கம், வைப்ரேட்டர் ஊசி அங்கே இறங்கவே இல்லை.

இடிக்க வேண்டாம் என்றதும் எனக்கு மூச்சு வந்தது. ஆனால் பழுது பார்த்ததை நான் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். தளர்ந்த ஜல்லியை எல்லாம் கொத்தி எடுத்து, நல்ல கான்கிரீட் தட்டுப்படும்வரை போனார்கள். ஓரிடத்தில் கம்பிக்குப் பின்னாலும் கொத்த வேண்டியிருந்தது. கம்பியைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, தூசி ஊதி, ஒட்டுப்பூச்சு கொடுத்து, ஆழம் குறைந்த இடங்களில் பாலிமர் கலந்த சாந்தும் ஆழமான இடத்தில் பலகை அடித்து, பொடி ஜல்லி கலந்த மைக்ரோ கான்கிரீட்டும் வைத்தார்கள். அதற்கும் தண்ணீர் கட்டியாக வேண்டும். சின்ன இடம்தானே என்று விட்டுவிடப் பார்த்தார்கள், நான் விடவில்லை. மேல் வெடிப்புகளில் தண்ணீர் போல இளக்கமாக ஓடும் எபாக்ஸி பசை ஊற்றினார்கள்.

சோதனை, பழுது இரண்டின் செலவையும் ஒப்பந்தக்காரர் முதலில் ஏற்க மறுத்தார். இன்ஜினியரின் அறிக்கையில் காரணம் எழுத்தில் இருந்ததால் பழுதுச் செலவை ஏற்றுக்கொண்டார். சோதனைச் செலவு எங்களுடையது. எனக்கு அது நியாயமாகவே பட்டது.

மேல்தளத்துக்கு முன் சில விஷயங்களை எழுதிக் கையெழுத்து வாங்கினோம். கம்பி கட்டியதும் இன்ஜினியர் பார்த்துச் சரி சொன்ன பிறகே கான்கிரீட். வைப்ரேட்டர் இரண்டு, அதில் ஒன்றுக்கு நெருக்கமான இடத்தில் இறங்கும் மெல்லிய ஊசி. இளக்கமாக வர வேண்டுமென்று யாரும் தண்ணீர் சேர்க்கக் கூடாது. மேற்பரப்பு தேய்த்து முடித்த கையோடு பிளாஸ்டிக் தாள் போட்டு மூட வேண்டும், இறுகியதும் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்த வேண்டும். சென்ட்ரிங் பிரிக்கும்போது நாங்கள் இருக்க வேண்டும், நாங்கள் பார்ப்பதற்கு முன் சாந்துக் கரண்டி தளத்தைத் தொடக் கூடாது. கடைசித் தவணைப் பணத்தை இந்தப் பார்வை முடிந்த பிறகு தருவதாகவும் அதிலேயே எழுதிக்கொண்டோம்.