ஷோப்பன் தொடங்கிய இடம்

பியானோவில் சி மேஜர் ஸ்கேல் (வெள்ளைக் கட்டைகளில் மட்டும் போகும் ஸ்வர வரிசை) பழகும் ஒரு குழந்தையின் கையை இன்று பார்த்தேன். நான்காவது ஸ்வரத்தில் ஒவ்வொரு முறையும் ‘டக்’கென்று ஓர் இடி.

கட்டைவிரல் நடுவிரலுக்கு அடியில் நுழையும்போது மணிக்கட்டு திருகிக்கொள்கிறது. பாவம், குழந்தையின் தப்பில்லை.

இசையமைப்பாளரும் பியானோ கலைஞருமான ஷோப்பனுக்கு இது தெரியும். சி மேஜர் ஸ்வரக்குறிப்பில் படிக்கத்தான் எளிது, கைக்கு அதுதான் கடினம் என்று அதைக் கடைசிக்குத் தள்ளினார்.

மாணவர்களுக்கு முதலில் பி மேஜர். வலது கையின் நீள விரல்கள் ஐந்து கறுப்புக் கட்டைகளில் அமரும். குட்டையான கட்டைவிரலுக்கு பி, ஈ வெள்ளைக் கட்டைகள். கை உயர்ந்து நிற்பதால் அடியில் தாராளமாக இடம். எவ்வளவு கரிசனம்!

1831இல் பாரிஸ் வந்தவருக்கு, 1849இல் 39 வயதில் இறக்கும்வரை சோறு போட்டது பெரும்பாலும் இந்த டியூஷன்தான். வாழ்நாளில் பொதுமேடைக் கச்சேரிகள் சுமார் 30தான்.