மெஷின் நின்றால் யாருக்கு முதலில் தெரிய வேண்டும்?

ஷாப் ஃப்ளோரில் ஒரு மெஷின் நின்றுவிட்டது. அந்தச் செய்தி முதலில் யாருக்குப் போக வேண்டும்? முதலாளியின் செல்போனுக்கா, மெஷின் முன்னால் நிற்கிற ஆபரேட்டருக்கா? லீன் ஆலோசனையும், அதாவது வேலையில் வீணாகும் நேரத்தையும் பொருளையும் குறைக்கும் முறைக்கான ஆலோசனையும், மென்பொருளும் சேர்த்துச் செய்கிற ஒரு குழுவை நடத்தி வருகிறேன். ஆபரேட்டருக்குத்தான் என்று வாதாடிய அளவுக்கு வேறு எதற்காகவும் நான் வாதாடியதில்லை.

எங்கள் வேலை பெரும்பாலும் வடசென்னையில்தான். எண்ணூரில் அசோக் லேலண்ட், திருவொற்றியூரில் என்ஃபீல்டும் எம்.ஆர்.எஃப்பும் என்று பெரிய பெயர்கள் இருக்கிற பகுதி. ஆனால் எங்களைக் கூப்பிடுகிறவர்கள் மாதவரம், மணலி, கத்திவாக்கம் பக்கம் உலோகத் தகடு அடிக்கும் பிரஸ் ஷாப், மெஷினிங், பிளேட்டிங் என்று நடத்துகிற சிறு முதலாளிகள். டெலிவரி தவறினால் ஆர்டர் கைவிட்டுப் போய்விடும் என்ற கவலையிலேயே இருப்பவர்கள். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் எண்ணூர் சாலையில் வரிசை கட்டி நின்றுவிட்டால், காயில், அதாவது தகட்டுச் சுருள், எப்போது வந்து சேரும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் ஸ்டாக் குவித்து வைக்கிறார்கள். ஜப்பானில் செய்கிறார்கள், நீங்களும் குறையுங்கள் என்று இவர்களிடம் போய்ப் பாடம் எடுப்பது நியாயமில்லை. சாலையை நாம் மாற்ற முடியாது. கேட்டுக்கு உள்ளே நடப்பதை மாற்றலாம்.

உள்ளே போவதற்கு முன் முதலாளியிடம் ஒரு நிபந்தனை வைப்பேன். மிச்சமாகிற நேரத்தைக் காரணம் காட்டி ஒரு ஆளைக்கூட வீட்டுக்கு அனுப்ப மாட்டோம் என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, நோட்டீஸ் போர்டில் ஒட்ட வேண்டும். 1918-ல் பின்னி மில் தொழிலாளர்களைக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவான மண் இது. ஸ்டாப்வாட்சோடு ஒருவன் வந்து நின்றால் ஆள் குறைப்புதான் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். ஒட்ட மாட்டேன் என்று சொன்ன முதலாளிகளிடம் நாங்கள் வேலை எடுக்கவில்லை.

மாதவரத்தில் ஒரு பிரஸ் ஷாப். பிரஸ்ஸில் தகட்டுக்கு வடிவம் கொடுக்கும் அச்சான டையை மாற்ற ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது, ஆட்கள் மெத்தனம் என்பது முதலாளியின் புகார். நான் போய் பிரஸ் பக்கத்திலேயே நின்றேன். பழைய டையைக் கழற்றியாகிவிட்டது. புது டை ரேக்கின் அடித்தட்டில், இன்னொரு டைக்குப் பின்னால். எடுத்துக் கொடுக்க ஃபோர்க்லிஃப்ட் வேண்டும். அது வாசலில் காயில் இறக்கிக்கொண்டிருந்தது. டையை இறுக்கிப் பிடிக்கும் டி-போல்ட்டுகள் எல்லா அளவிலும் கலந்து ஒரு பழைய பெயின்ட் டப்பாவில் கிடந்தன. டையை ஏற்றி, உயரம் சரிபார்த்து, முதல் பீஸ் அடித்தால், அதைப் பார்த்து ஓகே சொல்ல வேண்டிய க்யூ.சி. ஆள் சாப்பிடப் போயிருந்தார். "சார், நாங்க இன்னா தூங்கினா இருக்கோம்? போல்ட்டு தேடினு இருக்கோம்" என்றார் மூத்த ஆபரேட்டர். அவர் சொன்னதுதான் எங்கள் அறிக்கையின் முதல் வரி.

மெஷின் நின்றால் மட்டுமே செய்ய முடிகிற வேலை எது, ஓடும்போதே செய்து வைக்கக்கூடிய வேலை எது என்று பிரிக்கச் சொன்னவர் ஜப்பானியப் பொறியாளர் ஷிகியோ ஷிங்கோ. அதைத்தான் செய்தோம். ஒவ்வொரு டைக்கும் தனி போல்ட் செட், கூடவே தொங்கும் பையில். எல்லா டையும் ஒரே உயரத்துக்கு வரும்படி அடியில் தகடு. முந்தைய லாட் முடிவதற்கு முன்பே அடுத்த டை டிராலியில் பிரஸ் பக்கத்தில் வந்து நிற்கும், க்யூ.சி.க்கும் தகவல் போய்விடும். டை மாற்றும் வேலை கால் மணி நேரத்தில் முடியத் தொடங்கியது. இதுவரை ஒரு வரி மென்பொருள்கூட எழுதவில்லை.

அப்புறம்தான் திரை வந்தது. மணலி பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேறு யாரோ போட்டிருந்த மென்பொருளைப் பார்த்திருக்கிறேன். மெஷின் நின்ற அடுத்த நொடி முதலாளியின் போனில் சிவப்பு. உடனே சூப்பர்வைசருக்கு வசவு. ஆபரேட்டர்கள் தகடே வைக்காமல் பிரஸ்ஸை வெறுமனே அடித்து பச்சை காட்டினார்கள். காரணம் கேட்ட இடத்தில் எல்லாம் 'இதர' என்று அழுத்தினார்கள். அந்தத் தரவை வைத்து ஒரு முடிவும் எடுக்க முடியாது.

டொயோட்டாவில் தொழிலாளி கயிற்றை இழுத்தால் டீம் லீடர் ஓடி வருவார், உதவி செய்ய. கயிற்றை இழுத்ததும் எரியும் அன்டான் விளக்கு அதற்குத்தான். எனவே எங்கள் திரை ஆபரேட்டர் பக்கம் திரும்பியிருக்கும். அவர் பொத்தானை அழுத்தினால் முதலில் ஃபிட்டருக்கோ ஃபோர்க்லிஃப்ட் டிரைவருக்கோ போகும். பத்து நிமிடத்தில் யாரும் வராவிட்டால் சூப்பர்வைசருக்கு. முதலாளிக்கு ஷிஃப்ட் முடிந்ததும் தொகுப்பு மட்டும். "பணம் போடறது நான், தெரியறது அவனுக்கா?" என்று மாதவரம் முதலாளி கோபப்பட்டார். ஒரு ஷிஃப்ட் முழுக்க என்னோடு நில்லுங்கள் சார் என்றேன். நின்றார். ஃபோர்க்லிஃப்ட்டுக்காகக் காத்திருந்த நேரத்தைக் கண்ணால் பார்த்தபின் அவரே ஒரு ஹேண்ட் பேலட் டிரக் வாங்கிப் போட்டார்.

காரணங்களின் பெயர்களை ஆபரேட்டர்களே சொன்னார்கள்: போல்ட்டு கிடைக்கல, காயில் வரல, க்யூ.சி. வரல. பீகார், ஒடிசாவிலிருந்து வந்த தம்பிகளும் அதே பிரஸ்ஸில் நிற்பதால் ஒவ்வொரு பொத்தானிலும் படம் வைத்தோம்.

குழுவுக்குள்ளும் இழுபறி உண்டு. மென்பொருள் கோடு எழுதுகிற பிள்ளைகளுக்கு ஷாப் ஃப்ளோர் சூடும் எண்ணெய் வாடையும் பிடிக்காது. லீன் ஆட்களுக்குக் கணினி மேல் நம்பிக்கை கிடையாது. சாக்பீஸால் எழுதும் போர்டை ஆட்கள் தாங்களாகவே நிரப்பும் வரை திரை கிடையாது என்பதும், ஷிஃப்டில் நிற்காதவர் கோடு எழுதக் கூடாது என்பதும் நான் விட்டுக்கொடுக்காத இரண்டு விதிகள். இதெல்லாம் நம் ஊருக்கு ஒத்துவராது என்பவர்களுக்குச் சென்னையிலேயே இருக்கிற பாடி பகுதியைக் காட்டுவேன். அங்கே வாகன உதிரிபாகம் செய்யும் சுந்தரம் கிளேட்டன் 1998-லேயே தர மேலாண்மைக்காக ஜப்பான் தரும் டெமிங் பரிசு வாங்கியது. சிறு நிறுவனங்களுக்கும் இப்போது வழி இருக்கிறது. 2023-ல் புதுப்பித்த லீன் திட்டத்தில் ஆலோசனைச் செலவில் 90 சதவீதத்தை மத்திய அரசே ஏற்கிறது. அந்தத் திட்டத்தின் சான்றிதழை மட்டும் வாங்கிச் சுவரில் மாட்ட நினைப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

சமீபமாக எல்லோரும் ஏஐ கேமரா கேட்கிறார்கள். சரி, போடலாம். டை ரேக்கைப் பார்க்கட்டும், காயில் இறங்கும் வாசலைப் பார்க்கட்டும். ஆளைக் கண்காணிக்கும் கேமராவை எங்கள் குழு பொருத்தாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுகிறோம்.