ராயல் பைத்தான் எலியைத் தொடாத வாரங்கள்

எங்கள் வீட்டுக்கு வந்த ராயல் பைத்தான் என்ற ஆப்பிரிக்க மலைப்பாம்பு ஒருவழியாக இரை எடுத்துவிட்டது. கோடையில் வாங்கிய பாம்பு, மரங்கள் இலை உதிர்க்கத் தொடங்கிய பிறகுதான் முதல் இரையை விழுங்கியது. நடுவில் நானும் மனைவியும் பட்ட பாட்டில் பெரும்பகுதி, விற்ற கடைக்காரர் ஓர் அட்டையைக் கையில் கொடுத்திருந்தால் நேர்ந்திருக்காது. அந்த ஆற்றாமை இன்னும் தீரவில்லை. இதே நிலையில் தவிக்கும் வேறு யாருக்காவது பயன்படட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது இங்கிலாந்தில். இங்கே ராயல் பைத்தான் வளர்க்கத் தனி உரிமம் தேவையில்லை. தமிழ்நாட்டிலிருந்து வாசிப்பவர்களுக்கு நிலைமை வேறு. நம் ஊர் மலைப்பாம்பு 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. அதைப் பிடித்து வீட்டில் வைத்திருப்பது குற்றம். ராயல் பைத்தான் போன்ற அயல்நாட்டு இனங்களையும் முறையாகப் பதிவு செய்யாமல் இந்தியாவில் வைத்திருக்கக் கூடாது.

வாங்கிய நாளில் எல்லாம் எளிதாகவே முடிந்தது. "உறைய வைத்த எலியை வாரம் ஒன்று கொடுங்கள், தட்டாமல் எடுக்கும்" என்று விற்பனையாளர் உறுதி சொன்னார். இதுவரை எதை, எப்போது தின்றது என்ற பதிவைக் கேட்டபோது, மின்னஞ்சலில் அனுப்புவதாகச் சொன்னார். அது வரவே இல்லை. கேட்டு எழுதிய கடிதங்களுக்கும் பதில் இல்லை.

புதிய பாம்பை முதல் ஒரு வாரம் தொடாமல், இரையும் காட்டாமல் விட வேண்டும் என்பது வளர்ப்பவர்கள் எல்லோரும் அறிந்தது. அப்படியே விட்டோம். பிறகு எலியை முந்தைய இரவே ஃபிரீசரிலிருந்து எடுத்துக் குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து, மாலையில் பிளாஸ்டிக் பையோடு வெந்நீரில் இறக்கிச் சூடாக்கி, நீண்ட இடுக்கியால் பிடித்துக் காட்டினேன். பாம்பு நாக்கை மெதுவாக இரண்டு முறை நீட்டியது. பிறகு தலையைப் பின்னுக்கு இழுத்து, தன் உடல் சுருளுக்குள் செருகிக்கொண்டது. அடுத்த வாரமும், அதற்கடுத்த வாரமும் அதே கதைதான். மறுக்கப்பட்ட எலியை மறுபடி உறைய வைக்கக் கூடாது என்பதால், ஒவ்வொரு முறையும் அது குப்பைக்குத்தான் போனது.

இந்தக் கட்டத்தில் பலர் பதறி மறுநாளே மீண்டும் இரையைக் காட்டுவார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். மேற்கு, நடு ஆப்பிரிக்காவின் புல்வெளிகளில் எலி வளைகளிலும் கறையான் புற்றுகளிலும் பதுங்கி வாழும் இந்த இனம், அச்சப்பட்டால் முதலில் நிறுத்துவது சாப்பாட்டைத்தான். இடைவிடாமல் மூக்கருகே எலியை ஆட்டினால், இரையே அதற்கு அச்சுறுத்தலாகிவிடும். ஒரு மறுப்புக்கும் அடுத்த முயற்சிக்கும் இடையே குறைந்தது ஒரு வாரம் விடுங்கள். நல்ல உடற்கட்டுள்ள வளர்ந்த ராயல் பைத்தான் மாதக்கணக்கில் பட்டினி கிடந்தும் நலமாக இருக்கும். குட்டிக்கு அந்த அளவு சேமிப்பு கிடையாது என்பதால், சமையலறைத் தராசு ஒன்றை ஒதுக்கி, வாரம் ஒருமுறை எடை பார்த்துக் குறித்து வையுங்கள். எங்களுடையது 250 கிராமுக்குச் சற்று மேல் இருந்தது. பத்து சதவீதம் குறைந்தால் மருத்துவரிடம் போவது என்று முடிவு செய்துகொண்டோம்.

அதற்கு முன் கூண்டின் வெப்பத்தைச் சரிபார்த்தபோதுதான் அடுத்த அதிர்ச்சி. கடையில் கூண்டோடு சேர்த்து விற்றது, கண்ணாடியில் ஒட்டும் வட்ட முள் வெப்பமானி. அது 31 டிகிரி காட்டிக்கொண்டிருந்தது. அகச்சிவப்பு வெப்பமானி ஒன்றை வாங்கி வந்து தரையில் பிடித்துப் பார்த்தால், கூண்டைச் சூடேற்ற அடியில் வைக்கும் சூட்டுப்பாய்க்கு நேர் மேலே 40 டிகிரியைத் தாண்டியிருந்தது. "இந்தப் பாய்க்குத் தெர்மோஸ்டாட் வேண்டியதில்லை" என்று சொல்லி விற்றவர், உயிருள்ள ஒன்றின் வயிறு அந்தத் தரையில்தான் படியும் என்பதை நினைத்துப் பார்க்கவே இல்லை. வெப்பத்தை ஓர் அளவுக்குள் நிறுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாத சூட்டுப்பாயை எவர் விற்றாலும் வாங்காதீர்கள். இப்போது சூடான பக்கம் 32, குளிர்ந்த பக்கம் 25, ஈரப்பதம் 60 சதவீதத்தை ஒட்டி நிற்கிறது. இரு பக்கமும் உடல் சுவரில் உரசும் அளவுக்கு இறுக்கமான பதுங்கிடம் ஒவ்வொன்று வைத்தோம்; கூண்டின் மூன்று பக்கங்களையும் கறுப்புத் தாளால் மூடினோம். அன்று முதல் பாம்பு இரவில் வெளியே உலாவத் தொடங்கியது. ஆனால் எலியை மட்டும் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

எடை நாங்கள் வைத்த எல்லையை நெருங்கியதும் அருகிலிருந்த கால்நடை மருத்துவமனையில் நேரம் வாங்கினேன். பாம்பு என்று தொலைபேசியில் தெளிவாகச் சொல்லியும், போன பிறகுதான், ஊர்வனவற்றைப் பார்க்கும் மருத்துவர் அன்று பணியில் இல்லை என்றார்கள். வெந்நீர்ப் புட்டியும் துணிப்பையும் வைத்துப் பக்குவமாகக் கொண்டுபோன பாம்பை, நாய்கள் குரைக்கும் கூடத்தில் உட்கார வைத்துத் திருப்பிக் கொண்டுவந்த வேதனை சொல்லி மாளாது. நேரம் வாங்கும்போது, "ஊர்வனவற்றைப் பார்ப்பவர் அன்று இருப்பாரா?" என்று தனியாகக் கேட்டு, அவர் பெயரிலேயே பதிவு செய்யச் சொல்லுங்கள். பிறகு தொலைவில் ஒரு சிறப்பு மருத்துவரைக் கண்டோம். வாயைத் திறந்து சளியோ புண்ணோ இருக்கிறதா என்று பார்த்தார். மூச்சு ஒலியைக் கேட்டார். செதில்களுக்கிடையே உண்ணி தேடினார். எச்சத்தைப் பரிசோதனைக்கு அனுப்பினார். நோய் எதுவும் இல்லை. வாயைப் பிளந்து வலுக்கட்டாயமாக ஊட்டும் எண்ணமே வேண்டாம், அது கடைசி வழி, அதையும் மருத்துவர்தான் செய்ய வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னார். அவர் கேட்ட முதல் கேள்வியும் அதுதான்: "பழைய இரைப் பதிவு எங்கே?"

அடுத்த சனிக்கிழமை கடைக்கு நேரிலேயே போய் நின்றேன். முன்பு பார்த்தவர் இல்லை. வேறொரு இளம்பெண் இருந்தார். விவரம் சொன்னதும் உள்ளே போய், கோப்பு ஒன்றிலிருந்து பழுப்பு நிற அட்டையை எடுத்து வந்து நீட்டினார். பாம்பை முட்டையிலிருந்து பொரிக்க வைத்து வளர்த்தவர் தம் கையால் எழுதியது. தேதி, இரை, எடுத்ததா என்று மூன்று கட்டங்கள். மேலிருந்து கீழ்வரை ஒவ்வொரு வரியிலும் சுண்டெலி, சுண்டெலி, சுண்டெலி. எதிரே நீல மையில் எடுத்ததற்கான குறி. கடைசி நான்கு வரிகள் மட்டும் வேறு கையெழுத்தில், கடைக்கு வந்த பிறகு எழுதியவை. அவற்றில் இரை, பெரிய எலியின் குட்டி. நான்கின் எதிரிலும் பெருக்கல் குறி. அதாவது, எங்களுக்கு விற்பதற்கு முன்பே அது அவர்களிடமும் தின்னவில்லை. பழகிய இரையைத் தவிர வேறொன்றை இரையாகவே ஏற்காத பிடிவாதம் ராயல் பைத்தானுக்கு உண்டு என்பது, பாம்பு விற்கும் எவருக்கும் தெரிந்திருக்க வேண்டியது.

இங்கிலாந்தின் 2018ஆம் ஆண்டு உரிம விதிகள், செல்லப்பிராணி விற்பவர் அதன் இனத்தையும் பிறப்பிட நாட்டையும், தெரிந்தால் வயது, பால், மருத்துவப் பதிவு ஆகியவற்றையும் வாங்குபவருக்குச் சொல்ல வேண்டும் என்கின்றன. உடன் விற்கும் கருவிகளும் அந்த விலங்குக்கு ஏற்றவையாக இருக்க வேண்டும். கடைக்கு உரிமம் தருவது உள்ளூர் மன்றம். சூட்டுப்பாயைப் பற்றி அங்கே எழுத்துமூலம் முறையிட்டிருக்கிறோம். அட்டையைத் தேடி எடுத்துத் தந்த அந்தப் பெண்ணுக்கு மட்டும் மனமார நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

வரும் வழியிலேயே உறைய வைத்த பெரிய சுண்டெலிகளை வாங்கினேன். வாரம் முடியும்வரை காத்திருந்து, விளக்கையெல்லாம் அணைத்த பிறகு ஒன்றைச் சூடாக்கினேன். மைக்ரோவேவில் வைக்கவே கூடாது. சுண்டெலி உள்ளே வெந்து, அதன் வயிறு வெடிக்கும். வெந்நீரில் இளகிய பிறகு தலைப் பகுதியை மட்டும் முடி உலர்த்தியால் இன்னும் சற்றுச் சூடாக்கி, 38 டிகிரி காட்டியதும் எடுத்துப் போனேன். இந்தப் பாம்பின் உதட்டோரக் குழிகள் வெப்பத்தை உணர்பவை. அதற்கு முதலில் புலப்பட வேண்டியது இரையின் சூடான தலை. பதுங்கிட வாசலுக்கு ஒரு சாண் தள்ளிப் பிடித்து, மெல்ல அசைத்தேன். கழுத்து ஆங்கில எஸ் எழுத்தைப் போல வளைந்தது. நாக்கு அசைவது நின்றது. அடுத்த கணம் இடுக்கி அதிர்ந்தது. சுண்டெலியை மூன்று சுற்றுச் சுற்றியிருந்தது. மனைவி என் தோளை இறுகப் பற்றிக்கொண்டார். அது தலையிலிருந்து தொடங்கி வால்நுனிவரை விழுங்கி முடிக்கும்வரை இருவரும் நகரவே இல்லை.

இரண்டு நாள் அதைக் கையில் எடுக்கவில்லை. இரை எடுத்த உடனே தொந்தரவு செய்தால் கக்கிவிடும். அப்படிக் கக்கினால், குறைந்தது இரண்டு வாரம் இரைப்பைக்கு ஓய்வு தந்து, பிறகு சிறிய இரையாகக் கொடுக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். எங்களுக்கு அந்த நிலை வரவில்லை. எடை மீண்டும் ஏறிவிட்டது.

உயிருள்ள எலியை விட்டால் உடனே பிடிக்குமே என்று ஆலோசனை சொன்னவர்கள் உண்டு. அதைக் கேட்கவே வேண்டாம். பசியில்லாத பாம்பின் முதுகை எலி எலும்பு தெரியும்வரை கடித்துக் குதறிவிடும். எலிக்கும் அது வீண் சித்திரவதை.

சுண்டெலியோடு நிறுத்திவிட முடியாது. பெரியதாக வளர்ந்த சுண்டெலியே 30 கிராமை ஒட்டித்தான் இருக்கும். வளர்ந்த பெண் ராயல் பைத்தானோ ஒன்றரைக் கிலோவைத் தொடும். அதனால் சென்ற வாரம் எலிக்குட்டியையும் சுண்டெலியையும் ஒரே பையில் போட்டு இளக வைத்து, சுண்டெலியின் மணம் ஏறும்படி நன்றாகத் தேய்த்துக் கொடுத்தேன். சற்று நேரம் முகர்ந்துவிட்டு எடுத்துக்கொண்டது. அடுத்த வாரம் இன்னும் குறைவாகத் தேய்த்துப் பார்க்கப் போகிறேன். மறுத்தால் ஒரு வாரம் விட்டுச் சுண்டெலிக்கே திரும்புவேன்.